மோகு தண்ணீர் வைக்கிறான்

உராமாய் என்ற மீனவ ஊரில், அறிவிப்போடு வீடு வீடாகப் போகும் சுற்றுப் பலகையைப் படித்துவிட்டு முத்திரை வைத்தவர்கள் கிடையாது. அட்டையில் காகிதத்தைக் கவ்வி, கீழே வீட்டுக்கு ஒன்றாக இருபத்தாறு கட்டம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வாசற்படியில் சாத்திவிட்டுப் போவாள். அது வருகிற நேரம் பெரும்பாலும் கடற்பாசி காய்கிற நேரமாக இருக்கும். பெண்கள் ரப்பர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஈரக் கையோடு வீட்டுப் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, தங்கள் கட்டத்தில் ஒரு அழுத்து அழுத்துவார்கள். பலகை அடுத்த வாசலுக்குப் போய்விடும். இந்த வழியில்தான் கோயில் கூரைக்குத் தகரம் வந்தது. இந்த வழியில்தான் விளையாட்டு விழா ஒரு வருஷம் பனிக்காலத்துக்குத் தள்ளிப்போய், முழங்கால் பனியில் எல்லோரும் சாக்கு ஓட்டம் ஓடினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இருபத்தாறு முத்திரை இருந்ததே.

அந்த ஜூலையில் வந்த பலகையில் மூன்று பக்கம் இருந்தது. ஒகிதா வீட்டுக் கினுயேயும் ஈரக் கையோடு அழுத்தினாள். அழுத்தின பிறகு, காலில் மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்து கிடந்த அவள் புருஷன் ஜின்பெய், வேறு வேலை இல்லாத குற்றத்துக்காக அதை எடுத்துப் படித்தான். மூன்றாம் பக்கத்தில் தன் பெயர் இருந்தது.

"ஏ கினுயே, நான் ஒரு குழுவுல இருக்கேனாம்."

"நல்லது. சும்மா கிடக்கிறதுக்கு அதாவது பண்ணுங்க."

"என்ன குழுன்னு கேளேன். 'உராமாய் மழலையர் நற்காட்சித் தேர்வுக் குழு'. பிள்ளைங்க டிவியில என்ன பாக்கலாம், என்ன பாக்கக் கூடாதுன்னு பாத்துச் சொல்லணுமாம். 'தற்போது ஓய்விலிருக்கும் ஒகிதா அவர்கள்'னு போட்டிருக்கு."

"ஓய்வா? எலும்பு உடைஞ்சதுக்கு அப்படி ஒரு பேரா?" என்று சிரித்தபடியே கையுறையை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள். வெயில் இருக்கும்போதே பாசியைத் திருப்பிப் போட வேண்டும்.

இதற்கெல்லாம் மூலம் ஷிராய்வா நோபுயோ. மீனவர் சங்கத் தலைவரின் மனைவி, பெண்கள் பிரிவின் தலைவி. வசந்தகாலத்தில் குஷிரோவில் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போனவள், வளையம் வைத்த தடித்த கோப்பு ஒன்றோடும் 'நோக்கமற்ற காட்சி' என்ற சொல்லோடும் திரும்பி வந்தாள். கோப்பைக் கீழே வைத்தாலும் வைப்பாள், சொல்லை வைக்க மாட்டாள். கூட்டுறவுக் கடையில் முள்ளங்கி வாங்கும்போதுகூட, "நம்ம பிள்ளைங்க குஷிரோப் பிள்ளைங்களோட போட்டி போட வேண்டியிருக்கு. பாருங்க, அங்க மூணு வயசுல நூறு வரைக்கும் எண்ணுது" என்பாள். முள்ளங்கி விற்கிறவள் தலையை ஆட்டிக்கொண்டே சில்லறையைத் தவறாக எண்ணிக் கொடுப்பாள். நோபுயோவின் மகன் சப்போரோவில் கல்லூரி போகிறேன் என்று பந்து உருட்டும் சூதாட்டக் கூடத்துக்குப் போய்வருகிறான் என்பது ஊருக்கே தெரியும். அவனும் நன்றாக எண்ணுவான்.

பாசிப் பருவத்துக்கு மட்டும் ஊர்க் கூடத்தில் மழலையர் காப்பகம் நடக்கும். ஒன்பது பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஹருனோ என்ற ஒரு பெண். பெற்றோர் பாசியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் ஹருனோ பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவாள். பலகையின் இரண்டாம் பக்கம் என்ன சொன்னதென்றால், குழுவின் பட்டியலில் வட்டம் வாங்கிய நிகழ்ச்சிகளை மட்டுமே இனி அங்கே போடலாம். பட்டியல் வரும்வரை, பரிசீலனையில் இருக்கும் நிகழ்ச்சிகளின்போது பெட்டியைத் துணி போட்டு மூடிவைக்க வேண்டும்.

பரிசீலனையில் இருந்தவற்றில் முதலாவது மோகு.

மோகு ஒரு கரடி. கம்பளித் துணியில் தைத்தது. ஒரு காது கொஞ்சம் கீழே இருக்கும். மதியம் ஒன்றேகாலுக்கு வருவான், பத்து நிமிஷம் இருப்பான். அடுப்பில் கெட்டில் வைப்பான். தண்ணீர் காயும்வரை சன்னலில் போய் நிற்பான். வெளியே மழையோ பனியோ ஏதோ ஒன்று இருக்கும். கெட்டில் சீறத் தொடங்கும். கோப்பையில் ஊற்றுவான், ஆவி எழும்பும், அதையும் பார்ப்பான். ஒரு நாள் காலுறை காயப்போட்டான், அது ஊரில் பெரிய சம்பவமாகப் பேசப்பட்டது. கடைசியில், "சரி, இருக்கட்டும்" என்பான். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் எதையும் யாருக்கும் சொன்னதில்லை.

ஜின்பெய் வீட்டுக்கு அந்தப் பத்து நிமிஷம் உயிர்நாடியாக இருந்தது. காரணம் அவன் மகள் சயோ. நான்கு வயது.

ஜூன் மாதத்தில், பாசி அறுக்கக் கடலுக்குப் போகலாம் என்று முதல் கொடி ஏறின அன்றைக்கு, இரண்டு படகுக்கு நடுவில் ஜின்பெய்யின் கால் மாட்டிக்கொண்டது. கொட்டகையில் மதியத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த சயோ கண்ணை விழித்தபோது, நாலு பேர் ஒரு கதவுப் பலகையில் அப்பாவை வைத்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பனிமூட்டத்துக்குள் போனார்கள். அப்பாவை மூட்டம் விழுங்கிவிட்டது. பதினெட்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து பகலில் பிள்ளை கண்ணை மூடாது. வீட்டில் அப்பாவோடு விட்டால் எதிரில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை சரியும், சட்டென்று நிமிரும். கரை வேலைக்காரன் கயிற்றைக் காவல் காப்பது போலக் காக்கும். மூன்று நாள் அப்படிக் காத்ததில் காய்ச்சல் வந்துவிட்டது. அதனால்தான் அதைக் காப்பகத்தில் விட்டார்கள். அங்கேயும் அம்மாவைக் கேட்டுக் கத்தும். ஆனால் ஒன்றேகாலுக்கு மோகுவின் கெட்டில் சீறும்போது மட்டும், யாரும் சொல்லாமலே துண்டை எடுத்துப் போர்த்துக்கொண்டு சாயும். மூன்று மணி வரை ஒரே தூக்கம்.

அந்த மூன்று மணிதான் கணக்கு. ஜின்பெய்யின் தம்பி கடலில் போய்ப் பாசியைக் கொக்கிக் கழியால் முறுக்கி அறுத்துக் கரையில் கொட்டிவிடுவான். மற்றதெல்லாம் கினுயே ஒருத்தி. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நீளமான இலைகளை ஒவ்வொன்றாகக் கூழாங்கல் களத்தில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் நீட்டிப் போட வேண்டும். சுருங்காமல் திருப்ப வேண்டும். மூன்று மணிக்குக் கடலிலிருந்து மூட்டம் ஏறுவதற்குள் வாரிக் கொட்டகையில் அடைக்க வேண்டும். மூட்டம் தொட்ட பாசி வெளுத்துப்போகும். வெளுத்த பாசியைச் சங்கத்தில் தரம் பிரிக்கிறவன் விரலால்கூடத் தொட மாட்டான், காலால் ஒதுக்குவான்.

பெட்டியைத் துணி போட்டு மூடின முதல் நாளே அது நடந்தது. ஒன்றரை மணிக்கு ஹருனோ, வீறிடுகிற சயோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு களத்துக்கு வந்தாள்.

"என்னால முடியல அக்கா. இது ஒண்ணு கத்துறதுல மத்த எட்டும் எழுந்துருச்சு."

"டிவிய போட்டா என்னடி?"

"துணி போட்டிருக்காங்க அக்கா."

"துணியத் தூக்குறதுக்குக் கிரேன் வேணுமா?"

"கரடி வர்ற நேரத்துக்குத் துணி மேல காகிதம் ஒட்டி, அதுல முத்திரை வெச்சுட்டுப் போறாங்க. கிழிச்சா தெரிஞ்சிரும்."

கினுயே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்தாள். நான்கு வயதுப் பிள்ளை முதுகில் இருக்க, குனிந்து நிமிர்ந்து பாசி வாருகிறவளின் வேகம் எவ்வளவு இருக்கும்? களத்தில் பாதி மிச்சம் இருக்கும்போதே மூட்டம் வந்துவிட்டது. அது அவசரப்படாது. முதலில் கலங்கரை விளக்கம் இல்லாமல்போகும். பிறகு படகுகள், பிறகு பக்கத்துக் களம், பிறகு தன் கையின் நுனி. எங்கோ மூட்டக் கொம்பு ஊதும். ஜின்பெய் வாசலில் கட்டையை ஊன்றி நின்று, வெள்ளைக்குள் தன் பெண்டாட்டி இருமுகிற சத்தத்தை வைத்து அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கை உப்போடு அவித்துச் சாப்பிட்டார்கள். வேறு சமைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"இன்னும் நாலு நாள் இப்படிப் போனா இந்தப் பருவத்தையே மூட்டை கட்டிரலாம்," என்றாள் கினுயே. "நீங்கதான் குழுவாச்சே. அந்தக் கரடிக்கு ஒரு வட்டம் போட்டுக் குடுங்க."

"நான் ஒருத்தன் போட்டா ஆயிருமா? ஏழு பேர்."

"நானும் முத்திரை வெச்சுத் தொலைச்சேனே. எந்தக் கையால வெச்சேன்? இந்தக் கையாலதான்," என்று அந்தக் கையையே ஒரு உருளைக்கிழங்கால் அடித்தாள்.

ஜின்பெய் காரியத்தில் இறங்கினான். அவன் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவன். நோபுயோ கொடுத்த படிவத்தில் ஐந்து கட்டம் இருந்தது: நீதி, மொழி, எண், சுறுசுறுப்பு, முன்னேற்றம். ஒவ்வொன்றுக்கும் நல்லதென்றால் வட்டம், சுமாரென்றால் முக்கோணம், ஆகாதென்றால் பெருக்கல் குறி போட வேண்டும். வீட்டுப் பெட்டியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைகளுக்கான அத்தனை நிகழ்ச்சியையும் பார்த்தான். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எண்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் ஏழு என்று கத்தும்போதெல்லாம் ஏழு தவளைகள் குட்டிக்கரணம் போட்டன. அதற்கு ஐந்து கட்டத்திலும் வட்டம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. மோகுவுக்கு நீதி என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தான். பென்சில் நின்றுவிட்டது. கடைசியில், 'தண்ணீர் கொதித்தது' என்று எழுதினான். உண்மையை எழுதினதில் தப்பில்லையே.

ஆனால் இப்படிப் பார்த்துத் தரம் சொல்வது அவனுக்குச் சரியாகப் படவில்லை. பாசியை ஈரமாக இருக்கும்போது பார்த்து எவனும் தரம் சொல்ல மாட்டான். ஈரத்தில் எல்லாப் பாசியும் கண்ணைப் பறிக்கும். காய்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு. ஆகவே மறுநாள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஊர்க் கூடத்துக்குப் போனான். சயோ கண்ணில் பட்டால் காவல் காக்க ஆரம்பித்துவிடும் என்று, சன்னலுக்கு வெளியே மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, படிவமும் பென்சிலுமாக ஒளிந்து உட்கார்ந்தான். அந்தப் பக்கம் போன கொடிக்காரர் குமகாய் நின்றார்.

"என்ன ஜின்பெய், மீன் எதுவும் மாட்டுதா?"

"சத்தம் போடாதீங்க அண்ணே. பிள்ளைங்களைப் பாக்குறேன்."

"டிவியத்தான பாக்கச் சொன்னாங்க?"

"டிவி முடிஞ்சப்புறம் பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு பாக்குறேன்."

குமகாய் வானத்தைப் பார்த்தார். எதற்கும் வானத்தைப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். விடியற்காலையில் கடலையும் காற்றையும் மோந்து, வெள்ளைக் கொடி ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர். கொடி ஏறினால் ஊரே கடலில், ஏறாவிட்டால் ஊரே படுக்கையில். அந்த ஒரு முடிவுக்காக அவர் மற்ற எந்த விஷயத்திலும் முடிவு சொல்வதே இல்லை. அவரும் குழுவில் ஒருவர்.

"எனக்கு ஒரே ஒரு கவலைதான்," என்றார். "கரடிய இவ்வளவு நல்லவனா காட்டுறானே. நாளைக்கு ஒரு பிள்ளை மலைப்பக்கம் போயி, கெட்டில் எங்கன்னு கேட்டா?"

மஞ்சள் சட்டைக்காரன் முடிந்த அரை மணியும் பிள்ளைகள் ஏழு, ஏழு என்று கத்திக்கொண்டு ஒன்றையொன்று கவிழ்த்துப் போட்டன. ஹருனோ மேசைமேல் ஏறி நின்றாள். மறுநாள், முத்திரைக் காகிதம் கூடத்து ஈரத்தில் தானாகவே இளகி விழுந்துவிட்டது என்று சொல்லி, அவள் மோகுவைப் போட்டாள். கெட்டில் சீறினதும் சயோ சாய்ந்தது. மற்றதுகள் முடிந்த பிறகு தரையில் உட்கார்ந்து, மரக்கட்டையைக் கெட்டிலாக வைத்து, ஒன்றுக்கொன்று ஊற்றிக் கொடுத்தன. "சூடு, சூடு, ஊதிக் குடி" என்று ஒரு பொடியன் தன்னைவிடப் பொடியனுக்குச் சொன்னான். ஜின்பெய் படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டத்தைப் பென்சிலால் போட்டான். 'அரை மணி கழித்து' என்று தலைப்பு எழுதினான்.

நோபுயோ அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"படிவத்துல இல்லாத கட்டத்தை நீங்களா போடக் கூடாது ஒகிதா சான். குஷிரோவுல இருந்து வந்த படிவம் இது."

"அதுல இதுக்கு இடம் இல்லையேம்மா."

"இடம் இல்லைன்னா அது தேவையில்லைன்னு அர்த்தம். அந்தக் கரடி நோக்கமற்ற காட்சி. அதோட நேரத்துல அடுத்த அலைவரிசையில எண் நிகழ்ச்சி திரும்பப் போடுறான். பிள்ளைங்க ரெண்டு தடவை பாத்தா நூறு வரைக்கும் வந்துருவாங்க."

"என் பிள்ளைக்குத் தூக்கம் வந்தாப் போதும்."

"தூக்கம் ஒரு முன்னேற்றமா?" என்று அவள் கேட்டது உண்மையான சந்தேகமாகவே இருந்தது. "சரி. குழு மொத்தமா உக்காந்து ஒரு தடவை பாக்கட்டும். முறையா முடிவு பண்ணுவோம். கொடி ஏறாத அன்னிக்கு."

கொடி ஆறு நாள் தொடர்ந்து ஏறியது. ஆறு நாளும் ஊர் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்தது. ஆறு நாளும் பாசியை வாரி, அடுக்கி, வேர் நறுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கப்போனது. பசையை மாற்றிவிட்டார்கள், முத்திரைக் காகிதம் அதற்குப் பிறகு இளகி விழவில்லை. கினுயே பிள்ளையை முதுகில் கட்டியபடியே பாதியைக் காப்பாற்றினாள், பாதியை மூட்டத்துக்குக் கொடுத்தாள். ஏழாம் நாள் மூட்டம் வாசலுக்கே வந்து நின்றது. குமகாய் மோந்து பார்த்துவிட்டுக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நேராகக் குழுக் கூட்டத்துக்கு வந்தார்.

ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் மூட்டக் குளிருக்குக் கூடத்தில் அடுப்பு எரிந்தது. பாய்த் தரையில் முதல் வரிசையில் குழு, இரண்டாம் வரிசையில் பிள்ளைகள். மதியத்துக்குச் சால்மன் வைத்த சோற்றுருண்டையும் கொழுப்பு மிதக்கும் மீன் சாறும் கொடுத்தார்கள். எல்லோரும் இரண்டாவது கிண்ணம் வாங்கினார்கள். பிறகு நோபுயோ கோப்பைத் திறந்து முன்னுரை வழங்கினாள்.

"குழந்தை என்பது ஒரு வெள்ளைக் காகிதம்..." என்று அது தொடங்கியது. அடுப்பின் மேல் கெட்டில் முணுமுணுத்தது. சன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. பிள்ளைகள் இரண்டாம் பத்தியில் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கோயில் சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அது தியானம் என்று யாரும் சொல்லலாம். ஒன்றேகாலுக்கு நோபுயோ பெட்டியைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, மடியில் கோப்போடு உட்கார்ந்தாள். மோகுவின் பாட்டு வந்தது, சன்னல் வந்தது, மோகு வந்தான். கெட்டிலைத் தூக்கி அடுப்பில் வைத்தான்.

குமகாய்தான் முதலில் போனார். மோவாய் மார்பில் போய்ப் பதிந்தது. பெண்கள் பிரிவிலிருந்து வந்த மூன்று பேரும், எப்போதும்போல இதிலும் ஒரே கருத்தாக, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். சாமியார் தியானத்தில் குறட்டை விட்டார். ஹருனோ பிள்ளைகளுக்கு நடுவில் பத்தாவது பிள்ளையாகச் சுருண்டாள். கடைசிவரை போராடியது நோபுயோ. இமையைத் தூக்கினாள், அது விழுந்தது. தூக்கினாள், விழுந்தது. பிறகு அவள் அதைத் தூக்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஆறு நாளாக நன்றாகத் தூங்கியவன் ஜின்பெய் ஒருவன். ஆறு நாளாகத் தூங்காமலிருக்கப் பழகியது சயோ. அதுதான் அப்பாவைப் பார்த்துவிட்டதே. துண்டைக்கூட எடுக்காமல் வெள்ளைக் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மூட்டம் கனத்தால் மலைமேலிருக்கும் ஒளிபரப்புக் கம்பம் சில நேரம் படத்தை விட்டுவிடும். மோகு சன்னலுக்குப் போகிற வழியில் ஒருமுறை நெளிந்தான், இரண்டாகப் பிரிந்தான், காணாமல்போனான். பெட்டியில் சாம்பல் நிறத்தில் புள்ளிகள் கொட்டின. உஸ்ஸ் என்று ஒரே சத்தம்.

போச்சு, என்று நினைத்தான் ஜின்பெய். ஆறு நாள் காத்திருந்து, கடைசியில் இப்படியா.

சயோ திரையையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்பா, மோகு வீட்லயும் மூட்டம்."

"ஆமாம்மா."

"அவனைக் காணோம்."

"உள்ளதான் இருப்பான். வேற எங்க போவான்?"

பிள்ளை காதைச் சாய்த்துக் கேட்டது. உஸ்ஸ்.

"இருக்கான். தண்ணி வெச்சுட்டான்," என்றது.

பிறகு எழுந்தது. பொம்மைப் பெட்டியிலிருந்து மரக்கட்டைக் கெட்டிலை எடுத்து, அடுப்பிலிருந்து எட்டவே நின்று, அதைத் தரையில் வைத்துக் காய்ச்சியது. சன்னலுக்குப் போய் ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் பார்த்தது. திரும்பி வந்து வரிசையாக எல்லோருக்கும் ஊற்றியது. மூன்று பெண்களுக்கு மூன்று கோப்பை. சாமியாருக்கு ஒன்று. குடிக்காமல் தூங்கிவிட்டார்களே என்று நினைத்ததோ என்னவோ, பிள்ளைகள் போர்த்தித் தூங்கும் துண்டுகளின் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துவந்து போர்த்தத் தொடங்கியது. குமகாயின் மார்பில் முயல் போட்ட துண்டு. சாமியாருக்கு மார்பை விட்டுவிட்டு மொட்டைத் தலையில், அதற்குத்தான் குளிரும் என்று. நோபுயோவின் மடியிலிருந்து வளையம் வைத்த கோப்பைப் பக்குவமாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வாத்துப் போட்ட துண்டைக் கழுத்து வரை இழுத்துவிட்டது.

கடைசித் துண்டோடு அப்பாவிடம் வந்தது.

"உனக்கும் தூக்கம் வருதா?"

"வரல. நான் முழிச்சுட்டு இருக்கேன். நீ படு."

"நான் கண்ணை மூடினா உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

ஜின்பெய் சுற்றிப் பார்த்தான். "யாரு தூக்குறது? எல்லாரும் தூங்குறாங்களே."

பிள்ளையும் சுற்றிப் பார்த்தது. தூக்குகிறவர்கள் அத்தனை பேரும், அதன் கையால் போர்த்தப்பட்டு, வாயைத் திறந்து கிடந்தார்கள். அன்றைக்குக் கதவுப் பலகையின் முன்பக்கம் பிடித்தவர் குமகாய்தான். முயலுக்குக் கீழே அவர் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

"சரி, இருக்கட்டும்," என்றது சயோ. மாவுக்கட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தது. இரண்டு மூச்சில் தூங்கிவிட்டது.

ஜின்பெய் அசையவில்லை. பெட்டி சீறிக்கொண்டிருந்தது, அடுப்புக் கெட்டிலும் சீறிக்கொண்டிருந்தது. தூரத்தில் மூட்டக் கொம்பு ஊதினபோது, கூடமே ஒரு படகாகித் துண்டு போர்த்திய ஆட்களோடு மெல்ல எங்கோ மிதந்து போவது போல அவனுக்கு இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. கட்டையை நீட்டி, அதன் நுனியால் பெட்டியின் பொத்தானை அழுத்தினான்.

சத்தம் நின்றதுதான் அவர்களை எழுப்பியது.

"முடிஞ்சுதா?" என்று பதறினாள் நோபுயோ. உடனே, "முடிஞ்சுது," என்று தானே திருத்திக்கொண்டாள். கழுத்திலிருந்த வாத்தைப் பார்த்தாள். குமகாய் முயலைப் பார்த்தார். சாமியார் தலையைத் தடவித் துண்டைக் கையில் எடுத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லோரும் தங்கள் துண்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

"எனக்கு அந்த முடிவு பிடிச்சுது," என்றாள் நோபுயோ.

"எந்த முடிவு?" என்றார் குமகாய்.

"அதுதான். அந்த முடிவு."

"ஆமா, ஆமா. அதுல கொஞ்சம் எச்சரிக்கையும் இருந்துச்சு. கரடின்னா கரடிதான்னு."

"சொல்லாமல் சொன்னது," என்றார் சாமியார். "அதுதான் கஷ்டம்."

மூன்று பெண்களும் தலையை ஆட்டினார்கள். நோபுயோ மெல்ல ஜின்பெய் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் துண்டு மடிப்பின் தடம் சிவந்திருந்தது. மற்ற ஐந்து ஜோடிக் கண்களும் கூடவே திரும்பின.

"ஒகிதா சான், நீங்களும் பாத்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"

ஊரின் பெரியவர்கள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் வாயைப் பார்ப்பது ஜின்பெய்க்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் அவசரப்படவில்லை.

"வழக்கம்போலத்தான்," என்றான். "எல்லாரும் சேர்ந்துதான பாத்தோம்."

ஆறு பேரும் மூச்சை விட்டார்கள். படிவத்தில் வட்டங்கள் விழுந்தன. நீதிக்கு வட்டம், மொழிக்கு வட்டம், எண்ணுக்குக்கூட வட்டம். 'இன்று கண்ட காட்சியின் சுருக்கம்' என்ற இடத்தில் நோபுயோ, 'ஒத்துழைப்பின் உயர்வை இக்கரடி மறைமுகமாக உணர்த்துகிறது' என்று எழுதினாள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ஜின்பெய்யின் பென்சில் எட்டாத தூரத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவன் என்ன எழுதுவான் என்று யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கினுயே தரம் பிரித்துவிட்டு வந்து தேநீர் ஊற்றினாள்.

"வட்டமாமே. ஊரே பேசுது, அபாரமான நிகழ்ச்சின்னு. அப்படி என்னதான் பண்ணினான் மோகு இன்னிக்கு?"

"வரவே இல்ல."

"என்னது?"

"மூட்டத்துல படம் போயிருச்சு. வெறும் புள்ளிதான்."

கினுயே கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்புறம் பிள்ளை எப்படித் தூங்கினா?"

அவன் மாவுக்கட்டைக் காட்டினான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையில் எச்சில் ஊறி ஒரு சின்னக் கறை. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். எடுக்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் கொடி ஏறியது. வெயிலும் வந்தது. களத்தோரக் கொட்டகையில் ஜின்பெய் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்ன அடுப்பில் கெட்டில் இருந்தது. ஒன்றேகால் ஆகக்கூட இல்லை, சயோ மாவுக்கட்டின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது. ஊர்க் கூடத்தில் அந்த நேரம் மோகு முழு மரியாதையோடு தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பான். வெளியே கினுயே இரண்டு கையையும் வீசி, முதுகில் சுமையில்லாமல் பாசியைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒவ்வொரு இலையும் கல்லிலிருந்து உரியும்போது சரக் சரக்கென்றது. களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரிந்தது. கலங்கரை விளக்கம்கூடத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி சுற்றுப் பலகையோடு வந்தாள்.

"ஜின்பெய் அண்ணே, முத்திரை."

"உஷ்." அவன் காலைக் காட்டினான். "அந்த அலமாரியில இருக்கு. நீயே எடுத்து அழுத்திட்டுப் போ."

"படிக்க வேணாமா? நீங்கதான் படிக்கிற ஆளாச்சே."

பலகையில் இந்தத் தடவை நான்கு பக்கம் இருந்தது. கொட்டகைக் காற்றில் கடைசிப் பக்கம் தூக்கித் தூக்கி விழுந்தது. 'நற்சிற்றுண்டித் தேர்வுக் குழு' என்ற தலைப்பும், அதற்குக் கீழே நாலாவது வரியில் தன் பெயரும் ஜின்பெய்யின் ஓரக்கண்ணில் பட்டன. எழுந்தால்தான் கை எட்டும்.

"சரி, இருக்கட்டும்," என்றான்.

அவள் ஈரக் கையோடு அழுத்தினாள்.